கனிசியஸ் போட்ட வயர்

நமசிவாயத்தின் வீட்டு வேலிப் படலையைத் தள்ளுமுன் கனிசியஸ் ஒருதரம் திரும்பித் தெருவைப் பார்த்தான். இரண்டு மாதமாக அந்த மனிதர் அவனோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. கொக்குவில் சந்தியில் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். இன்றைக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறார் என்றால் வேறு கதியில்லை என்றுதான் அர்த்தம். ஊரில் மிஞ்சியிருந்த மற்ற வயரிங்காரனும் போன கிழமை வன்னிக்குப் போய்விட்டான்.

சங்கதி இதுதான். பங்குனியில் நமசிவாயத்தின் ஏ-40 ஒஸ்ரின் காருக்குக் கனிசியஸ் புது வயர் போட்டுக் கொடுத்தான். ஐந்தாம் நாள் அவருடைய தம்பி இராசநாயகத்துக்கு நெஞ்சுவலி வந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில், தட்டாதெருச் சந்தியில், கார் நின்றுவிட்டது. சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இராசநாயகம் முடிந்துபோனார். அடுத்த நாள் பார்த்தால் கார் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்ரார்ட் ஆகிறது! அப்படியென்றால் எங்கோ ஒரு வயர் தொட்டும் தொடாமலும் இருந்திருக்க வேண்டும், வேறென்ன? செத்த வீட்டில் அவ்வளவு சனத்துக்கும் நடுவில் நமசிவாயம் சொன்னார்: "கனிசியசின்ரை வயர்தான் என்ரை தம்பியின்ரை உயிரை எடுத்தது."

ஊர் அதை நம்பியது. ஊரை விடுங்கள், கனிசியசே நம்பினான். குருநகரில் ஷெல் விழுந்து வீட்டை இழந்து வந்தவன் அவன். அன்றைக்குக்கூட இவ்வளவு உடைந்துபோகவில்லை. அந்தக் காரில் முறுக்கிய ஒவ்வொரு ஆணியையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப முறுக்கிப் பார்த்து இரண்டு மாதமாய் அலுத்துப்போனான். "நீங்கள் பிழை விட்டிருக்கமாட்டியள்" என்று பெண்சாதி யோசப்பின் சொல்வாள். அவளுக்கென்ன தெரியும், காரைப் பற்றி!

இப்போது உள்ளே நமசிவாயத்தின் மகள் பராசக்திக்கு வலி கண்டிருக்கிறது. தலைச்சன் பிள்ளை, அதுவும் கால் பக்கமாய்க் கிடக்கிறதாம். மத்தியானத்துக்கு முன்னம் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டாள்.

"பாரும்," என்றார் நமசிவாயம், அவன் முகத்தைப் பார்க்காமலே. "கார் நேற்று ஓடினது. இண்டைக்கு இருமுது, நிக்குது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலம். மருந்துப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில்தான் ஓட்டுவார்கள். கனிசியஸ் பொனெற்றைத் திறந்து முதலில் தன்னுடைய வயர்களைத்தான் தொட்டான். இழுத்துப் பார்த்தான். பிழை கிடைத்தால் போதும், இந்த அரிப்பாவது தீரும் என்று இருந்தது. ஒன்றும் அசையவில்லை. கரண்டைக் கூட்டி அனுப்புகிற கொயிலில் இருந்து வருகிற வயரைக் கழற்றி இரும்புக்குக் கிட்டப் பிடித்தான். சடக்கென்று நல்ல நீலப் பொறி. எஞ்சினுக்குள் பொறி போட வேண்டிய பிளக்கில் பார்த்தால் ஒன்றுமில்லை. இங்கே வந்த கரண்ட் அங்கே போகவில்லை. நடுவில் இருப்பது நாலு பிளக்குக்கும் கரண்டைப் பங்கிடுகிற உருண்டை மூடி ஒன்றுதான்.

குனிந்து பார்த்தான். மூடியின் உச்சியில் சந்தனம். விரல் கனத்துக்கு, ஈரம் காயாமல், நடுவில் குங்குமத்தோடு.

துணியால் வழித்தான். அடியில் இன்னொரு படை, பழைய சந்தனம், காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதையும் நகத்தால் சுரண்டினான். மயிர் மாதிரி ஒரு கருகிய கோடு மூடியிலிருந்து கீழே இரும்புவரை ஓடியிருந்தது. ஈரச் சந்தனத்தின் வழியே கரண்ட் இறங்கி மண்ணாய்ப் போயிருக்கிறது. இன்றைக்கு மட்டுமல்ல, அன்றைக்கும். காய்ந்த பிறகு கார் தன்பாட்டில் ஓடியிருக்கிறது.

மாதாவே! என்ரை வயர் இல்லை!  ஓடிப்போய்ச் சந்தியில் நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. மூடியைக் கழற்றி அந்த ஆளின் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும்போல் இருந்தது. இரண்டு மாதம்!

"ஐயோ, சந்தனத்தைத் துடைச்சுப்போட்டீரோ?" பின்னால் நமசிவாயம் நின்றார். "காலமை பிள்ளையார் கோயிலிலை வாங்கி நான்தான் வைச்சனான். எஞ்சினுக்கு உதுதானே தலை. அண்டைக்குத் தம்பியை ஏத்தேக்கையும் வைச்சுக் கும்பிட்டுத்தான் எடுத்தனான்." காரில் கையை ஊன்றிக்கொண்டார். "வேறை என்னத்தை நான் அவனுக்குச் செய்தன்?"

கனிசியஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அந்த மனிதரின் கண் உள்ளே போயிருந்தது, கழுத்து வற்றியிருந்தது. வீட்டுக்குள் பராசக்தி கத்தினாள்.

"என்ரை வயர்தான் அண்ணை," என்றான். "உள்ளுக்கை தளர்ந்து கிடந்தது. அண்டைக்கும் உதுதான். என்ரை பிழை. பிள்ளை நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸ் இருந்தால் கொண்டு வாங்கோ, அசையாமல் ஒட்டிவிடுறன்."

பிளேட்டால் மூடியின் கருகிய கோட்டைச் சுரண்டி, கரண்ட் கசியாமல் சிவப்புக் கியூட்டெக்சைப் பூசி, ஊதிக் காயவைத்தான். "இனி உதிலை ஈரம் படக்கூடாது. சந்தனத்தை முன்கண்ணாடியிலை வையுங்கோ. மறந்துபோயும் உள்ளுக்கை வைக்காதேங்கோ." ஹாண்டிலைப் போட்டு ஒரு சுற்றுத்தான். கார் பிடித்துக்கொண்டது.

பராசக்தியைப் பின்னால் ஏற்றினார்கள். ஸ்ரியரிங்கில் இருந்த நமசிவாயம் கையை வெளியே நீட்டி அவன் தோளைப் பிடித்தார். "பிழையை எத்தினை பேர் ஒத்துக்கொள்ளுவாங்கள்? நான் மன்னிச்சிட்டன், தம்பி. ஒருநாள் வீட்டை வாரும், தேத்தண்ணி குடிப்பம்."

"ஓம் அண்ணை. கவனமாய்ப் போட்டு வாங்கோ."

சத்தம் தட்டாதெருப் பக்கம் தடங்கலில்லாமல் போய் மறையுமட்டும் நின்று கேட்டான். பிறகு சந்தனம் படிந்த துணியை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

யோசப்பின் வாசலிலேயே நின்றாள். "என்ன பிழையாம்?"

அவளிடம் சொன்னால் ஞாயிறு பூசைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

"வயர்."

"ஆரின்ரை வயர்?"

"என்ரை," என்றான் கனிசியஸ்.

 அவள் கை கழுவத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.