ஓர்புஸ் என்ற சொல்

அக்டோபரில் மெக்டில்ட் வேலைக்குத் திரும்பியபோது அவள் மேசைமேல் இருந்த அட்டைப்பெட்டிகளைக் காணோம். மியூனிக்கில் ஒரு லத்தீன் அகராதி அலுவலகம் அது. பெட்டி நிறையச் சீட்டுகள், சீட்டுக்கு ஒரு பழைய வாக்கியம், ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஓர்புஸ்’ என்ற சொல். அவளுடைய வருஷக்கணக்கான உழைப்பு இப்போது எதிர்மேசையில், கூட வேலை பார்க்கும் வோல்கரின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

காரணம் கேட்கவே வேண்டாம். ஏப்ரலில் சைக்கிளில் போன அவள் மகள் லியோனிமேல் லாரி ஏறிவிட்டது. ‘ஓர்புஸ்’ என்றால் பறிகொடுத்தவர். தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்கும் லத்தீனில் அதே சொல்தான், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் அதே சொல்தான். ருமேனியாவுக்குப் போன இடத்தில் அதற்குக் குருடன் என்று பொருளாகிவிட்டது. அதே வேரில் முளைத்த ஜெர்மன் சொல்லுக்கோ வாரிசு என்று பொருள். “ஒரே இழவு வீடு. ஒருத்தனுக்குக் கண்ணு போச்சு, இன்னொருத்தனுக்குச் சொத்து வந்துச்சு” என்று மெக்டில்ட் முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

“உங்க நல்லதுக்குத்தான் செஞ்சோம்” என்றாள் அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியை குட்ரூன். “தினமும் அந்த வார்த்தையோட எப்படி உக்காந்திருப்பீங்க?”

“வீட்ல அதோடதானே உக்காந்திருக்கேன். அங்கயும் வந்து எடுத்துட்டுப் போவீங்களா?”

குட்ரூன் அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். பதிலுக்கு வேறொரு சொல்லைக் கொடுத்திருந்தார்கள். அகரவரிசையில் பக்கத்திலேயே இருந்த சொல்: ‘ஓர்பிட்டா’. வண்டிச் சக்கரம் மண்ணில் பதிக்கிற தடம். அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மெக்டில்ட் குளிர்காலம் முழுக்கச் சக்கரத்தடங்களை அடுக்கினாள்.

அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு சொல்லையும் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், ஒரு மேற்கோளைக்கூட விடக்கூடாது என்பது அங்கே வழக்கம். கடைசியில் எழுதியவர் பெயர் வரும். வோல்கர் படித்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் என்ற பகுதி வந்ததும், “இத எல்லாரும் பாத்திருப்பீங்க” என்று பக்கத்தைப் புரட்டினான்.

“படி, வோல்கர்.”

“என்னால முடியல மெக்டில்ட்.”

அவள் தாளைப் பிடுங்கித் தானே படித்தாள். அவள் போட்ட வரிசை, அவள் எழுதிய விளக்கம், அரைப்புள்ளிகூட மாறவில்லை; கீழே மட்டும் வோல்கரின் பெயர். அவள் குரல் நடுங்கவில்லை. மற்றவர்கள்தான் மூக்கை உறிஞ்சினார்கள். அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவளிடமிருந்து பிடுங்கியதை வைத்துக்கொண்டு அவர்கள் அழுகிறார்கள்.

“கீழ என் பேரப் போடுங்க.”

“துக்கத்துல எழுதினதுன்னு வெளியில பேசுவாங்கம்மா” என்றாள் குட்ரூன்.

“அவ உயிரோட இருக்கறப்பவே எழுதி முடிச்சது இது.”

“அது நமக்குத் தெரியும்.”

மெக்டில்ட் வோல்கரைப் பார்த்தாள். “நீயாவது சொல்லேன்.”

“உனக்காகத்தான் நான் இத ஏத்துக்கிட்டேன்” என்றான் அவன், ஜன்னலைப் பார்த்தபடி.

அங்கே யாரும் கைதட்டுவதில்லை. ஒப்புதல் என்றால் விரல்களை மடக்கி மேசையில் தட்டுவார்கள். குட்ரூன் முதலில் தட்டினாள், பிறகு வோல்கர், பிறகு மேசை முழுக்க. துக்கக்காரி எதிரில் இருக்கிறாள் என்று மெதுவாக, மரியாதையாகத் தட்டினார்கள். ஏப்ரலில் போலீஸ்காரர் அவள் வீட்டுக் கதவைத் தட்டியதும் இப்படித்தான். அன்றைக்குக் கையைத் துடைத்துக்கொண்டே போய்த் திறந்தாள். இன்றைக்கு இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் சேர்ந்துகொள்வாள் என்று அவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.