பூஞ்சேரித் தோட்டத்தில் இரண்டு உழவு வண்டிகள்

1977 சித்திரையில் எங்கள் முதலாளி சிவப்பிரகாசம் பூஞ்சேரித் தோட்டத்தின் ரோட்டுப் பக்கத்து ஏழு ஏக்கரை ஓட்டல் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். கால்வாய்ப் பக்கத்து ஒன்பது ஏக்கர் மிச்சம். தென்னை, நடுவில் வேர்க்கடலை, கோடையில் தர்பூசணி. ஒன்பது ஏக்கருக்கு, பின்னால் நடந்து ஓட்டுகிற கை டிராக்டர் இரண்டு எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை விற்பது, வைத்துக்கொள்கிற வண்டியை ஓட்டுகிறவன் தோட்டத்தில் நிற்பது, மற்றவன் வேறு வேலை பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

பழைய வண்டியை ஓட்டினவன் நான். புதுசை ஓட்டினவன் தேவசகாயம், என்னைவிடப் பத்து வயது சின்னவன். தோட்டத்தை விட்டால் எனக்குக் கல் உடைக்கிற வேலைதான். நாற்பத்தேழு வயதில் சம்மட்டி தூக்க முடியுமா என்று என் தோள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

பழைய வண்டி ஜப்பானிலிருந்து வந்தது. பதினோரு வருஷம் ஆகிறது. தகடெல்லாம் கனம், தட்டினால் அண்டா மாதிரி சத்தம் கேட்கும். மணலில் இறங்கினால் சக்கரம் புதையும், தூக்கி நிமிர்த்த இடுப்பு வேண்டும். காலையில் இன்ஜின் கைப்பிடியை மூன்று சுற்று சுற்றினால்தான் கிளம்பும். ஒரு மணி நேரம் ஓட்டினால் கை மரத்துப்போய் சோற்றைப் பிசைய வராது. புதுசு வந்து மூன்று வருஷம். எடை குறைவு, ஒரே சுற்றில் கிளம்பும், இரண்டு தென்னைக்கு நடுவில் ஒரு கையால் திருப்பலாம்.

நாங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்ட விதமும் வேறு. எங்கள் பக்கத்தில் வேலை முடிந்தால் மாட்டையும் மண்வெட்டியையும் பக்கிங்காம் கால்வாயில் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். கால்வாய்த் தண்ணீரில் கடல் ஏறி இறங்கும், வாயில் வைத்தால் உப்பு. மாட்டுக்கு அதனால் ஒன்றும் ஆனதில்லை. தேவசகாயம் புது வண்டியையும் அப்படியே தினமும் கால்வாய்க் கரைக்கு ஓட்டிப்போய், தேங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டினான். ஒரு நாள் தவறமாட்டான். எனக்கு அந்தக் கரைவரைக்கும் நடக்கிற தெம்பு இல்லை. கொக்கிலமேட்டு ஜம்புலிங்கம் தன் படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெயில் ஒரு டப்பா கொடுப்பான். அதைத் துணியில் தொட்டு வண்டிமேல் தடவிவிடுவேன். தடவினால் சேறு ஒட்டாது, மறுநாள் தானாக உதிரும். சோம்பேறித்தனம்தான், வேறொன்றும் இல்லை.

"அண்ணாத்த, உன் வண்டி வர்றதுக்கு முந்தி அதோட நாத்தம் வந்துடுது," என்பான் தேவசகாயம்.

"உன்னுது தெனம் குளிச்சிகினு கீது. மாப்ள வூட்டுக்காரங்க எப்ப வராங்க?" என்பேன் நான்.

அப்படித்தான் பேசிக்கொள்வோம். பகை ஒன்றும் இல்லை.

இரண்டு வண்டியையும் பார்த்துச் சொல்ல, வைகாசி முதல் வாரத்தில் செங்கல்பட்டிலிருந்து மெக்கானிக் ராமதாஸை வரவழைத்தார் முதலாளி. ராமதாஸ் பையைக் கீழே வைத்ததும் இரண்டு வண்டிக்கும் இரண்டு லிட்டர் டீசல் அளந்து ஊற்றச் சொன்னான். தீரும்வரை உழ வேண்டும். என் வண்டி பதினைந்து சால் ஓடி நின்றது. தேவசகாயம் இருபத்திரண்டாவது சாலின் நடுவில் நின்றான். நின்ற இடத்திலிருந்தே என்னைப் பார்த்துச் சிரித்தான். 

பிறகு ராமதாஸ் புது வண்டியின் மூடிகளைக் கழற்ற ஆரம்பித்தான். முதல் போல்ட்டு சுற்றவில்லை, ஒடிந்து கையோடு வந்தது. இரண்டாவதும் அப்படியே. பெல்ட் மூடியின் உள்பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினான். விரல் மறுபக்கம் வந்தது.

"இன்னாய்யா இது, அப்பளம் மாரி கீது?"

 ராமதாஸ் மட்கார்டைத் தட்டினான். பச்சைப் பெயின்ட் மேலே பளபளவென்று இருக்க, கீழிருந்து துருத்தூள் கொட்டியது. என் வண்டிக்கு வந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டே கழற்றினான். பதினோரு வருஷத்துப் போல்ட்டு ஒவ்வொன்றும் சுகமாகச் சுற்றி வந்தது.

"ஐயா, பழசு இரும்பு. புதுசு வெறும் டப்பா," என்றான் முதலாளியிடம். "டீசல் கொஞ்சம் குடிக்கட்டும், பரவால்ல. புதுச மழைக்கு முன்ன எவன் தலையிலயாவது கட்டிடுங்க. இப்பல்லாம் இப்டித்தான் பண்றானுங்க."

"நானும் அதான் நெனச்சேன்," என்றார் முதலாளி. "அச்சரப்பாக்கத்துல ஒருத்தர் கேட்டுகினு கீறாரு. புதுசுன்னா சந்தோசமா வாங்கிப்பாரு."

தேவசகாயம் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒரு நாள் அழுக்கோட வுட்டதில்லீங்க ஐயா," என்றான். "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறதுக்கு முந்திகூட வந்து கழுவிட்டுத்தான் போவேன்."

"உன்ன யாருப்பா குத்தம் சொன்னா? தகடு அப்டி," என்றார் முதலாளி.

நான் ஜெயித்துவிட்டேன். அதுதான் நிலவரம்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். புது வண்டியோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது, தமிழில் அச்சடித்தது. மூன்று வருஷமாகக் கொட்டகைக் கூரையின் எரவாணத்தில் செருகிக் கிடந்தது. தேவசகாயத்துக்குப் படிக்க வராது. நான் எழுத்துக் கற்றுக்கொண்டதே நாற்பது தாண்டித்தான். தை மாதம் ஒரு மழை நாளில் வேலை இல்லாமல் அதை எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது: உப்பு நீரில் கழுவக் கூடாது, கழுவினால் தகடும் திருகுகளும் விரைவில் அரித்துப்போகும்.

அன்றைக்குச் சொல்லாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. புத்தகம் போடுகிறவன் ஆயிரம் எழுதுவான் என்று நினைத்தேன். மாசியில் நிலம் விற்கிற பேச்சு வந்தது. அதற்குப் பிறகு சொல்லாததற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அவன் வண்டியைக் கரைக்கு ஓட்டிப்போவதைப் பார்த்துக்கொண்டு பீடி பிடித்தேன்.

முதலாளி வீட்டுப் பக்கம் திரும்பினார். ராமதாஸ் கையைத் துடைத்தான். இன்னும் பத்து அடி அவர் நடந்திருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன்.

"ஐயா, தகடு மேல குத்தம் இல்ல. உப்புத் தண்ணி."

நின்றார். கொட்டகைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு ராமதாஸிடம் கொடுத்தார். ராமதாஸ் அதைப் பார்த்தான், கால்வாயைப் பார்த்தான், குனிந்து மட்கார்டை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பினான்.

"தெனம் கால்வாய்லயா கழுவுன?"

"மாட்டை வேற எங்க கழுவுவோம்?" என்றான் தேவசகாயம்.

"இது மாடாய்யா?" என்றான் ராமதாஸ். பிறகு முதலாளியிடம் வேறு குரலில் பேசினான். "அப்டின்னா கணக்கு மாறிடுச்சுங்க. இன்ஜின் உள்ள நல்லா கீது. மேல் தகடும் போல்ட்டும்தான் மாத்தணும், மெட்ராஸ்ல கெடைக்கும். பழசுக்கு இனிமே ஒரு பேரிங்கு போனாக்கூட சாமான் வராது, ஜப்பான்காரன் அத நிறுத்தி அஞ்சு வருசம் ஆச்சு. நல்ல தண்ணில கழுவுனா புதுசு இன்னும் பத்து வருசம் ஓடும். டீசலும் மிச்சம்."

முதலாளி என்னைப் பார்த்தார். "இது உனக்கு எப்ப தெரியும், மாரி?"

"தை மாசத்துலருந்து."

"இப்ப வைகாசி."

"ஆமாங்க ஐயா."

அவர் திட்டவில்லை. புத்தகத்தைத் தேவசகாயம் கையில் கொடுத்தார், அவன் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். "பழசுதான் அச்சரப்பாக்கம் போவுது," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் என் பெண்சாதி ஆராயி முழுக்கக் கேட்டாள். "வாய மூடிகினு இருந்திருந்தா உனக்கு இன்னா கொறஞ்சிருக்கும்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, தையிலயே சொல்லித் தொலச்சிருக்கணும். ரெண்டுத்துக்கும் நடுவுல சொன்ன பாரு, அதுக்கு யாரும் உனக்கு மால போடமாட்டாங்க," என்றாள். அவள் சொன்னது சரி.

வெள்ளிக்கிழமை அச்சரப்பாக்கத்திலிருந்து லாரி வந்தது. அந்த நான்கு நாளும் தேவசகாயம் என்னோடு பேசவில்லை. கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்திச் சேந்தி ஊற்றி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான், ஒரு கழுவலுக்கு இருபது குடம். லாரிக்காரனுக்கு நான் பழசைக் கிளப்பக் காட்டிக்கொடுத்தேன். முதல் சுற்று சும்மா விடணும், இரண்டாவதில் கட்டைவிரலை உள்ளே மடிக்கக் கூடாது, திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். அவன் வாசனைக்கு முகம் சுளித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

லாரியில் சாய்த்த பலகைமேல் வண்டியைத் தள்ள ஆள் போதவில்லை. தேவசகாயம் குடத்தை வைத்துவிட்டு வந்து என் எதிர்ப்பக்கம் தோள் கொடுத்தான்.

"நீ சொல்லலன்னா நான் இந்நேரம் கல்லு ஒடச்சிகினு இருப்பேன்," என்றான், என்னைப் பார்க்காமல். "அது எனக்குத் தெரியும். ஆனா நாலு மாசம் நான் கரைக்குப் போவும்போதெல்லாம் நீ பீடி புடிச்சிகினு பாத்துகினு இருந்த பாரு அண்ணாத்த. அத நான் மறக்கமாட்டேன்."

"மறக்க வேணாம்," என்றேன்.

"மறக்கமாட்டேன்."

"தள்ளு."

தள்ளினோம். பழசுக்குக் கனம் அதிகம், பாதியில் நின்றது. அவன் கால்விரல் மணலில் புதைந்தது, என் முழங்கால் பலகையில் உரசித் தோல் போனது. லாரிக்காரன் மேலேயிருந்து இழுத்தான். மூன்றாவது தடவை ஏறியது. தேவசகாயம் கையை மோந்து பார்த்து, மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனான்.

வண்டியைக் கட்ட லாரிக்காரன் கயிறு கேட்டான். கொட்டகையில் இருந்த தேங்காய்நார்க் கயிற்றை எடுத்து வந்து நானே கட்டினேன். திங்கட்கிழமை கல் குவாரிக்கு வரச்சொல்லி மேஸ்திரி ஆள் அனுப்பியிருந்தான். சம்மட்டி அவர்களே தருகிறார்களாம்.