பாலிகார்பனேட் பிரதிஷ்டை

சாப்பாட்டு மேசையில் மீன்குழம்புச் சட்டிக்கும் மோர்ச் செம்புக்கும் நடுவில் ஐந்தாறு தகட்டுத் துண்டுகளைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்டுக்கொண்டிருந்தார் சுந்தரராஜ். ஒன்று விரற்கடை கனம், ஒன்று அட்டை கனம். பளிங்குபோல் ஒன்று, பால்நிறத்தில் ஒன்று, பெட்ரோல் பங்க் கூரைக்குப் போடும் நீலத்தில் ஒன்று. முகத்தில் நாடி பார்க்கிற வைத்தியரின் களை. மனைவி லீலாபாய் சோற்றுப் பானையோடு வந்து சற்று நேரம் நின்று பார்த்தாள்.

"இதுல எதையாவது கொழம்புல போடணுமா? இல்லன்னா ஒதுக்கிட்டு சோறு வைக்கட்டுமா?"

"பாலிகார்பனேட்டு," என்றார் சுந்தரராஜ், சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் சம்பளம் கொடுக்கிறவர்போல. "சுத்தியல வச்சு அடிச்சாலும் ஒடையாது."

"சட்டி ஒடையும். மாத்துங்க."

பஹ்ரைனில் ஓர் அலுமினியத் தொழிற்சாலையின் ஸ்டோருக்குப் பொறுப்பாளராக இருந்தவர் அவர். அங்கிருந்து ஒரு நட்டு வெளியே போக வேண்டுமென்றாலும் அவருடைய கையெழுத்து வேண்டும். முதலாளியின் மச்சானே தன் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறான் என்பதை அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லாமல் விட்டதில்லை. ஓய்வுபெற்று அஞ்சுகிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது, கையெழுத்தே தேவைப்படாத ஒரு வீடு அவருக்காகக் காத்திருந்தது. கிணறு எங்கே, அடுக்களை எந்தப் பக்கம், எந்தத் தென்னையை வெட்டுவது எல்லாவற்றையும் லீலாபாய் முடிவுசெய்து, முடித்துவிட்டுத்தான் ஃபோனில் சொல்லியிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் நான்கு தென்னைகளுக்கு நடுவே பச்சை வலை கட்டி, அதன் நிழலில் அந்தூரியம் வளர்த்தாள். வடசேரியிலிருந்து கல்யாண மேடை அலங்காரக்காரர்கள் பைக்கில் வருவார்கள். ஈஸ்டருக்கு ஆலயத்தின் பீடத்தில் நிற்பது அவளுடைய பூக்கள்தான். வாசல் கதவைத் திறக்கிற சுந்தரராஜைப் பார்த்து, "அந்தூரியக்கா இல்லியா?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் போய்விடுவார்கள்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியாரிடம் சபைச் செயலாளர் குமாரதாஸ் அவரைத் தோளில் தட்டி அறிமுகப்படுத்தினார்: "இவரு நம்ம லீலாபாயக்காவுக்க வீட்டுக்காரரு." அவ்வளவுதான். பெயர்கூட இல்லை. பஹ்ரைன் இல்லை, ஸ்டோர் இல்லை. அன்றைய ஐக்கிய விருந்தில் சுந்தரராஜ் பிரியாணியை இரண்டாம் முறை வாங்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

அந்த வாரம்தான் இங்கிலாந்தில் இருக்கும் மகன் டெனிஷ் ஒரு படம் அனுப்பினான். வீட்டுப் பின்புறம் ஒரு கண்ணாடிக் கூடு. அதற்குள் அவன் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மூன்று தக்காளியை ஏந்தி நிற்கிறான். சுந்தரராஜ் வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் வரை எந்த வீட்டுத் தோட்டத்திலும் இல்லாத ஒன்று. வலை கட்டி அந்தூரியம் யாரும் வளர்க்கலாம். இது சுந்தரராஜின் கிரீன்ஹவுஸ் என்று நான்கு பேர் சொல்வார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும், வேறு பெயர் சொல்ல வழியே கிடையாது.

நாகர்கோவில் கடையில் விளம்பரப் புத்தகத்தை வரிவரியாக வாசித்து, இருப்பதிலேயே கனமான இரட்டைச் சுவர் தகட்டை, நிறமில்லாததைத் தேர்ந்தெடுத்தார். ஒரு சதுரமீட்டருக்கு இத்தனை கிலோ பனியைத் தாங்கும் என்று அதில் போட்டிருந்தது. கடைக்காரர் தயங்கித் தயங்கி, "நம்ம ஊருக்கு அது அவசியப்படாதே சாரே" என்றார். "சாதனம்னா தாங்கணும். விழுதா விழல்லியாங்கது வேற விஷயம்" என்றார் சுந்தரராஜ்.

இரும்பு கேட் செய்கிற வெல்டர் தேவகுமார் வந்து குழாய்ச் சட்டம் பற்றவைத்தான். பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த வெள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சுந்தரராஜ் வெயிலில் நின்று மேற்பார்வை செய்தார். அவர் நின்ற இடத்துக்கு மேலே ஆகாயம் தவிர வேறொன்றும் இல்லை. பக்கத்து வீட்டுச் செல்லக்கனி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, கோழி எத்தன விடப்போறிய?"

"கோழிக்கூடு இல்ல. கிரீன்ஹவுஸு."

"பச்சையா காணல்லியே?"

தகடுகள் ஏறின. ஒவ்வொன்றின் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தது. வெளிப்பக்கத்தில் நீல எழுத்து. கடைசி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, தேவகுமார் ஒரு மூலையில் நகத்தை வைத்தான். "நில்லுடே" என்ற சத்தம் தெருவுக்கே கேட்டது.

"அண்ணாச்சி, இத உரிச்சுதானே ஆவணும்? எழுதியே இருக்கு பாருங்க."

சுந்தரராஜ் கண்ணாடியை மாட்டி வாசித்தார். பொருத்திய உடனே படலத்தை நீக்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. "உடனேன்னா அது வெள்ளக்காரனுக்கு எழுதினது. இன்னும் பாஸ்டரு வந்து ஜெபிச்சுப் பிரதிஷ்ட பண்ணல்ல. அதுக்குள்ள கீறல் விழுந்தா எப்பிடி?"

இதில் அவர் விதிவிலக்கு அல்ல. அவர் வீட்டுக் குளிர்பெட்டியின் கைப்பிடி, கார் இருக்கை, டிவி ரிமோட் எல்லாமே வந்த நாளின் உறையோடுதான் இருந்தன. வளைகுடாப் பணம் வந்த வீடுகளில் ஒரு பொருளின் உறையை உரிப்பது என்பது அதைப் பழசாக்குவது. புத்தம் புதிதாக இருக்கும் ஒன்றின் முன்னால் போதகரை நிறுத்துவதுதான் முறை. அதைவிட ஒருபடி மேலே போய் சுந்தரராஜ் யோசித்திருந்தார்: ரிப்பன் எந்த மடையனும் வெட்டுவான். போதகர் முதல் படலத்தை உரித்துத் திறந்துவைக்க வேண்டும்.

போதகர் சம்மதித்தார். ஆனால் அந்த வாரமே சாம்பல் புதன். ஈஸ்டர் வரை லெந்து என்ற தவக்காலம். கல்யாணமோ வீட்டுப் பிரதிஷ்டையோ யாரும் வைப்பதில்லை. "ஒரு நாலு தகடு, உரிச்சுப் போட்டுட்டு சும்மா இருங்களேன்" என்றாள் லீலாபாய். "லெந்துல செய்யுத காரியமா?" என்று சுந்தரராஜ் அவளுக்கு வேதம் உணர்த்தினார். ஆக, மாசி முழுக்கவும் பங்குனியில் பாதியும் அந்தக் கூடு உறையோடு வெயிலில் நின்று தவம் செய்தது.

ஈஸ்டர் கழிந்த வாரம், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு சபையே வந்திருந்தது. பாட்டு முடிந்தது. குமாரதாஸ் ஒரு தட்டில் சிவப்புத் துணி விரித்து ஏனென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். போதகர் மூலையைப் பிடித்து இழுத்தார். காணிக்கைக் கவர் அளவுக்கு ஒரு துண்டு கிழிந்து கையோடு வந்தது. மறுபடி இழுத்தார். தபால்தலை அளவுக்கு வந்தது. மூன்றாவது முறை நகம் மட்டும் வழுக்கியது. வெயில் படலத்தைத் தகட்டோடு தகடாக வேகவைத்திருந்தது. குமாரதாஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு முயன்றார். பெண்கள் சேலையிலிருந்து ஊக்கை எடுத்தார்கள். ஒருவர் தேங்காய் எண்ணெய் என்றார், ஒருவர் மண்ணெண்ணெய். சபையின் மூத்தவர்கள் இருபது பேர் ஒரு கூண்டைச் சுற்றி நின்று பிறாண்டிக்கொண்டிருந்த காட்சியைச் செல்லக்கனி மதிலுக்கு மேலிருந்து, சோற்றை வடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதகமில்ல," என்றார் போதகர். "உள்ள போயி ஜெபிப்போம்."

அவருடைய ஜெபம் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். ஏதேன் தோட்டத்தில் தொடங்கினால் புதிய எருசலேமில்தான் இறக்கிவிடுவார். பிரியாணிக்காரர்கள் அதை நம்பித்தான் அடுப்பு மூட்டுவார்கள். அன்று இருபது பேர் அந்தக் கூட்டுக்குள் நெருக்கி நின்று கண்களை மூடினார்கள். ஆதாமுக்குத் தோட்டத்தைக் கொடுத்த தேவனே என்று ஆரம்பித்தவர், ஏவாள் பழத்தைப் பறிக்குமுன் கைக்குட்டையை எடுத்தார். கனி பறிக்கப்பட்டதும் குரல் தேய்ந்தது. காயீன் பிறக்கவே இல்லை; ஆமென் வந்துவிட்டது. சபை வெளியே பாய்ந்தது. குமாரதாஸின் தாயாரை இருவர் தாங்கிக் கிணற்றடியில் உட்காரவைத்தார்கள்.

"நரகத்தப் பத்தி பாஸ்டரு எத்தனையோ தரம் பிரசங்கம் பண்ணியாச்சு," என்றார் அந்த அம்மாள், தண்ணீரைக் குடித்துவிட்டு. "இன்னைக்குத்தான் வெளங்கிச்சு மக்கா."

கூட்டுக்குப் பெயர் கிடைக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சுந்தரராஜ் தன் காதால் கேட்டார். "லீலாபாயக்கா வீட்டு அவியல்பெட்டி." அவமானத்தைக்கூட அவள் பேரில்தான் எழுதினார்கள்.

உள்ளே வைத்த தக்காளி நாற்று இரண்டு நாளில் வெந்தது. மகனுக்கு ஃபோன் செய்தபோது, "அப்பா, இங்க குளிருக்கு சூடாக்கதுக்குல்லா இது" என்று தொடங்கினான். சிக்னல் சரியில்லை என்று அவரே வைத்துவிட்டார். தேவகுமாரை வரவழைத்து இரு முனைச் சுவர்களின் தகடுகளைக் கழற்றவைத்தார். காற்றாவது போகட்டும். பிறகு தினமும் காலையில் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்று படலத்தை நகத்தால் சுரண்டினார். விரலளவுக்கு உரியும், அறுந்துபோகும். உரிந்த கீற்றுகள் தகட்டின் மேல் தொங்கின. ஆனிக் காற்று தொடங்கியதும் அவை பகல் முழுக்கப் படபடத்தன. அவர் முக்காலியை இடம் மாற்றும் ஓசை கேட்டாலும் செல்லக்கனி இப்போது மதிலுக்கு வருவதில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்தக் காற்றில்தான் ஒரு நாள் லீலாபாயின் பச்சை வலை தென்னையிலிருந்து பிய்ந்து பக்கத்து வாழைத்தோப்பில் போய் விழுந்தது. அவள் நாகர்கோவிலில் ஒரு சாவு வீட்டில் இருந்தாள். சுந்தரராஜ் கூட்டுக்குள் முக்காலியில் நின்று சுரண்டிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. அவள் வந்து பார்க்கையில் அந்தூரியத்தின் இலைகளில் வெயில் தீய்த்த தழும்புகள். அவள் திட்டவில்லை. வலையைக் கட்ட ஆளைக் கூப்பிட்டாள். பிறகு அந்தூரியம் நட்ட பை ஒன்றை, இருப்பதிலேயே மோசமாகத் தீய்ந்ததை, இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டின் வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள எடம் உண்டுமா?"

சுந்தரராஜ் திரும்பிப் பார்த்தார். உள்ளே முக்காலியையும் அவரையும் தவிர எதுவும் கிடையாது. "பாக்கணும்" என்றார்.

"கையொப்பு போட்டுத் தரணும்னா சொல்லுங்க. பேனா எடுத்துட்டு வாறேன்."

அவர் இறங்கி வந்து பையை வாங்கிக்கொண்டார்.

"எப்பிடியும் சாவப்போறதுதான்," என்றாள் அவள். "இங்க கெடந்து சாவட்டு."

அது சாகவில்லை. பிழைத்தது என்றும் சொல்ல முடியாது. படலம் ஒட்டிய தகடுகளின் ஊடாக வந்த வெளிச்சம் கஞ்சித்தண்ணி நிறத்தில் அதன் மேல் விழுந்தது. சுந்தரராஜ் காலையிலும் மாலையிலும் தரையை நனைத்தார், தீய்ந்த இலைகளை நறுக்கினார். எல்லாம் போய், அடித்தண்டு மட்டும் நின்றது. பிறகு தண்டின் ஓரத்தில் ஓர் இலைக்குருத்து முளைத்தது. சுருட்டி வைத்த சுருட்டுப்போல, செம்பழுப்பில், எண்ணெய் தடவியதுபோன்ற மினுமினுப்போடு. மூன்று நாளாக அது அப்படியே நின்றது.

அன்று காலை லீலாபாய் பூக்களை நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தரிக்கோலோடு எழுந்து வந்து வாசலில் நின்றாள். ஒரு செடியைப் பற்றி அவள் அவரிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

"விரிஞ்சுதா?"

"இன்னும் இல்ல," என்றார் சுந்தரராஜ். குனிந்து மூக்கு படும் தூரத்தில் பார்த்தார். "நுனி ஒட்டிக்கிட்டு நிக்கு. லேசா எடுத்து விடட்டா?"

"கைய வச்சிராதிய. தானா விரியட்டு."

அவர் விரல்கள் ஏற்கெனவே பாதித் தூரம் போயிருந்தன. நகங்களுக்கு அடியில் படலத்தின் பொடி அடைந்திருந்தது. இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டார். அவள் உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. காற்று வந்து கூரையின் கீற்றுகளைத் தூக்கியது. அவற்றின் நிழல் இருவருக்கும் நடுவே நின்ற அந்தச் சுருளின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.