ஆறு சிவப்புக் கூண்டுகள்

இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் என் பெயர் எலியக்கா. வாசல் காவலாளியிலிருந்து பெரிய மேடம் வரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எலிகளுக்குத் தீனி போடுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி கழுவுவது என் வேலை. ஒன்பது வருடத்தில் என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. இதைக் கேட்ட பிறகு நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

பெரிய மேடத்தின் ஆராய்ச்சிக்குப் பன்னிரண்டு சினை எலிகள். ஆறு கூண்டில் பச்சைச் சீட்டு, ஆறில் சிவப்பு. பச்சைக்காரிகளுக்கு மீன் எண்ணெயும் ஆளி விதையும் சேர்ந்த தீனி. சிவப்புக்காரிகளுக்கு டால்டா மாதிரி உறைந்த கொழுப்பு மட்டும் சேர்த்த வெள்ளைக் கட்டி. கர்ப்பத்தில் தாய் தின்ற கொழுப்பு, குட்டியின் மூளையை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்போது எனக்கும் நாலாம் மாதம். விஷயத்தைச் சொன்னதும் மேடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"வாரம் ரெண்டு தடவை மீன், தினம் ஒரு கைப்பிடி வால்நட். உறையுற கொழுப்பைக் குறைச்சுக்கோ. உன் புள்ளைக்கு மூளை வளர்ற நேரம்."

அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து அதன்படியே சாப்பிட்டேன். வினை அங்கேதான் பிடித்தது. ஆராய்ச்சி தொடங்கிய நாலாம் நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவில் மீனை வைத்துவிட்டு எலிகளுக்குத் தீனி போடப் போனேன். சிவப்பில் மூன்றாம் கூண்டுக்காரி பின்னங்காலில் எழுந்து, உப்பிய வயிற்றைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு நின்றாள். நான் கையில் வெள்ளைக் கட்டியுடன் நின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் மீன் தொண்டையில் இறங்கவில்லை. எழுந்து போய் அவள் கூண்டில் பச்சைத் தீனியைப் போட்டுவிட்டேன்.

ஒருத்திக்கு மட்டும் போட்டால் ஓரவஞ்சனை ஆகாதா? மீதி ஐந்து பேருக்கும் போட்டேன். வெள்ளைக் கட்டிகளைக் குப்பையில் கொட்டினேன். தீனிக் கணக்குத் தாளில் 'சிவப்பு' என்றே எழுதினேன். பச்சை மூட்டை சீக்கிரம் தீர்ந்ததற்கு, பூஞ்சை பிடித்ததால் கொட்டிவிட்டேன் என்று ஒரு பொய். இப்படியே எட்டு நாள், குட்டி போடும் வரை.

குட்டிகள் வளர்ந்ததும் நீச்சல் பரீட்சை. தொட்டித் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் படியை எந்தக் குட்டி எவ்வளவு சீக்கிரம் நினைவு வைத்துக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பார்கள். சிவப்பும் பச்சையும் ஒரே வேகத்தில் கண்டுபிடித்தன. எனக்குத் தெரியாதா என்ன!

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "நான் நினைச்சது தப்பு போல எலியக்கா. எந்தக் கொழுப்பா இருந்தாலும் வித்தியாசம் ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதைத்தான் சொல்லப் போறேன்." பிறகு சிரித்தார். "உனக்கு எழுதிக் குடுத்த சீட்டைக் கிழிச்சுப் போட்டுடு. வீணா உன்னைப் படுத்திட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்துவிட்டேன், ஒருவரும் கிளறிப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த சீட்டைக் கிழிக்க மனம் வரவில்லை.

வீட்டுக்காரர் பஸ் மெக்கானிக். அவரிடம் சொன்னேன்.

"வாயை மூடிட்டு இரு. யாருக்குத் தெரியப் போகுது? பிரசவ லீவு வர்ற நேரத்துல வேலையைத் தொலைக்கப் போறியா? அதுவும் எலிக்காக!"

"எலிக்காக இல்லைங்க. மேடம் சொன்னா நாலு டாக்டருங்க கேப்பாங்க. அவங்க சொல்றதை நாப்பது கர்ப்பிணிங்க கேப்பாங்க. அவங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்ட வேண்டிய சீட்டை நானே கிழிக்கிற மாதிரி ஆயிடும்."

"சொல்லித்தான் தீருவியா?"

"சொல்லித்தான் தீருவேன்."

கல்யாணமாகி ஏழு வருடம். நான் பிடித்த பிடியை விடமாட்டேன் என்று தெரிந்தவர், எழுந்து என் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை, கூட்டத்துக்கு முன்பே மேடத்தின் அறைக்குள் போய் நின்றேன்.

"மேடம், அந்த ஆறு கூண்டுக்கும் நான் வெள்ளைக் கட்டி போடல. நாலாம் நாள்லேர்ந்து பன்னெண்டுக்கும் பச்சைத் தீனிதான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். முகம் சிவந்துவிட்டது. "உன்னை நம்பி ஒரு தடவை கூட மூட்டையைத் திறந்து பாக்கலயே நான்! மூணு மாச வேலை போச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல நான் பொய்யைச் சொல்லியிருப்பேன், தெரியுமா?"

"தெரியும் மேடம். அதான் வந்தேன்."

"ஏன் இப்படிப் பண்ணின?"

"அவ வயித்தைத் தூக்கிட்டு நின்னா மேடம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை. மேடம் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொன்னார்.

"முதல்லேர்ந்து பன்னெண்டு கூண்டும் போடணும். இந்தத் தடவை நீ வேண்டாம். மாசமா இருக்கிற உன்னால முடியாது. வேற ஆளைப் போட்டுக்கிறேன்."

"வேற ஆளும் இரக்கப்படுவாங்க மேடம். என்ன, வந்து ஒத்துக்க மாட்டாங்க. மூட்டை வைக்கிற அறைச் சாவியை நீங்க வச்சுக்கோங்க, தினமும் கூண்டைப் பாருங்க. தீனி நான்தான் போடுவேன்."

 மேடம் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, "திங்கக்கிழமை வா" என்றார்.

புதிய மூன்றாம் கூண்டுக்காரியும் அதே மாதிரிதான் எழுந்து நின்றாள்.  வெள்ளைக் கட்டியைப் போட்டேன்.

"மன்னிச்சுக்கோடி" என்று வாய்விட்டே சொன்னேன். மீதி ஐந்து பேரிடமும் சொன்னேன். தாளில் 'சிவப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு என் டப்பாவைத் திறந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மீனை முள் எடுத்து மிச்சம் வைக்காமல் தின்றேன்.