நிமிர்ந்து நின்ற கொலஸ்ட்ரால்

எங்கள் ஆய்வகத்தில் புட்டியின் மேல் பெயர் எழுதும் வழக்கமில்லை. கொழுப்பைக் கரைத்து வைத்திருக்கும் குளோரோஃபார்ம் ஒரு சொட்டு வழிந்தாலும் மை கரைந்து ஓடிவிடும். அதனால் மூடியின் நிறம்தான் அடையாளம். சிவப்பு மூடி என்றால் நேரான சங்கிலி உள்ள கொழுப்பு. நீல மூடி என்றால் வளைந்த சங்கிலி உள்ள கொழுப்பு.

ஒவ்வொன்றிலும் செல்லின் சவ்வு மாதிரி ஒன்றைச் செய்து, அதில் கொலஸ்ட்ராலைக் கலந்து, அது என்ன செய்கிறது என்று பார்ப்பது என் வேலை. இரண்டு வருடமாக இதே பிழைப்பு. நேரான சங்கிலிகள் நெருக்கியடித்து நிற்கும். நடுவே கொலஸ்ட்ராலும் ஜம்மென்று நிமிர்ந்து நிற்கும். வளைந்தவை நெளிந்துகொண்டே இருக்கும். அங்கே கொலஸ்ட்ராலுக்கு நிலைகொள்ளாது, சவ்வின் நடுவே போய்ப் படுத்துவிடும். இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

திங்கட்கிழமை எனக்கு நேர்மாறாக வந்தது. நேரான கூட்டத்தில் படுத்துக்கொண்டது, வளைந்த கூட்டத்தில் விறைப்பாக நின்றது. மறுபடி செய்து பார்த்தேன். அதே புட்டிகள், அதே முடிவு.

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "வெள்ளிக்கிழமை மாநாட்டுல இதைத்தான் சொல்லப்போறேன். உன் பேருதான் முதல்ல. உனக்குப் பட்டம் கையில வந்த மாதிரிதான்!" என்றார். எனக்கும் கால் தரையில் பாவவில்லை. அன்றே அப்பாவுக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். வெண்ணெய் உருக்கிய வாணலியில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. எண்ணெய்ச் சட்டியைச் சாய்த்தேன், வழவழவென்று ஓடியது. நேரான சங்கிலி உறையும், வளைந்தது உறையாது. முதல் வருடப் பாடம். சிவப்புப் புட்டியின் விளிம்பில் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தது ஞாபகம் வந்தது. நேரான சங்கிலியாக இருந்தால் அங்கே பொடியல்லவா ஒட்டியிருக்க வேண்டும்?

மறுநாள் காலை முதல் வேலையாக இரண்டு கண்ணாடித் தகடுகளில் புட்டிக்கு ஒரு சொட்டாக விட்டேன். குளோரோஃபார்ம் ஆவியானதும் சிவப்பு மூடிப் புட்டியின் சொட்டு வெள்ளைப் பொடியாக நிற்க வேண்டும். எண்ணெயாக நின்றது. நீலத்தில் பொடி.

யாரோ மூடியை மாற்றிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, புட்டி கழுவுகிற அண்ணன்தான். நேராகப் போய்ச் சாமியாடினேன்.

"அண்ணே, மூடியை மாத்திப் போட்டு என் வாழ்க்கையையே மாத்திட்டீங்களே!"

அவர் குழாயை நிதானமாக மூடினார். "நான் கழுவறது காலிப் புட்டிம்மா. சரக்கு இருக்கறதை நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"அப்ப வேற யாரு?"

"போன வாரம் நீங்க போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, ரெண்டு மூடியையும் ஒரே கையில வச்சிருந்தீங்க. ஒவ்வொண்ணா தெறங்கம்மான்னு சொன்னேன். கையை ஆட்டிப் போகச் சொன்னீங்க."

சொன்னேன்தான். போனில் அப்பா. ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. 'கொலஸ்ட்ரால் ஏறிடுச்சாம், நீதான் அதைப் படிக்கறியே, முட்டை சாப்பிடலாமா?' என்று அரை மணி நேரம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா," என்று குழாயைத் திறந்துகொண்டார். அவர் யாரிடமும் சொல்லமாட்டார். நானும் சும்மா இருந்துவிட்டால் நாளைக்கு மாநாட்டில் கைதட்டல். ஐந்து நிமிடம் அந்த ஆசையோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு இரண்டு தகடுகளையும் எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போய், போன் பேசிக்கொண்டே மூடியை மாற்றிப் போட்டதைச் சொன்னேன்.

அவர் ஒவ்வொரு தகட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு நான் என்ன பேசறது?"

"கொலஸ்ட்ரால் வழக்கம்போல நடந்துக்குதுன்னு சொல்லலாம் சார்."

"அதைக் கேக்கவா ஐந்நூறு பேர் வராங்க?" என்றவர், பெருமூச்சோடு கணினியில் மாநாட்டு உரையைத் திறந்து என் பெயர் இருந்த பக்கத்தை அழித்தார். "எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய். மூணு மாசம். போனை வெளியில வச்சிட்டு வா."

வெளியே வந்ததும் போன் அடித்தது. அப்பாதான்.

"அப்பா, அந்தக் கண்டுபிடிப்பு தப்பு. நான்தான் மூடியை மாத்திட்டேன்," என்றேன்.

"ஐயையோ! காலையில என்கூட நடக்க வர்றவங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டேனே!"

"அதுவும் தப்புதான்பா."

"கவலைப்படாதம்மா," என்றார். "அவங்க ஒருத்தர்கூட நம்பல. நான் ஒருத்தன்தான் நம்பினேன்."