ஒன்பது புள்ளிகளும் ஒரு முழங்காலும்

1

இது கடிதமாக இருந்திருக்க வேண்டியது. ஏரியின் நீர்மட்டம் அளக்கும் என் அண்ணன், "ஆபீசுக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடுடா" என்றான். மூன்று வாரமாயிற்று. எழுத வரவில்லை. அலுத்துப்போய்க் கதையாக்குகிறேன்.

2

ஏரி அமைதியாக

(வேண்டாம். எந்த ஏரி கத்துகிறது?)

வரைபடத்தில் மாதத்துக்கு ஒரு புள்ளி. கடைசி ஒன்பதும் வழக்கமான மட்டத்தைக் காட்டும் கோட்டுக்குக் கீழே. அண்ணனை ஆபீசுக்குக் கூப்பிட்ட ஆய்வாளரம்மாவிடம் இரண்டு விளக்கங்கள் இருந்தன. பாறையில் கசிவு, கூடவே காற்று, கூடவே வண்டல். அல்லது, அளந்தவர் கவனமில்லாமல் அளந்தார்.

"ரெண்டுமே பொருந்துது. ஒரு காரணம் போதும்னா மூணு எதுக்கு? தலையைச் சுத்தி மூக்கைத் தொடணுமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"எளிமைதாங்க மேடம், உங்களுக்கு."

(அண்ணன் இப்படிச் சொல்லவில்லை. வாயில்லாப் பூச்சி, தலையாட்டிவிட்டு வந்தான். வசனம் என்னுடையது.)

3

அவன் வழக்கம் இது: அளவைப் பென்சிலில் எழுதுவான். கரையில் ஒரு நடை போய் வந்து மறுபடி பார்ப்பான். அதே அளவென்றால்தான் பேனா. பத்தொன்பது வருடமாக இப்படித்தான். அந்த ஒன்பது மாதமும் பென்சிலும் பேனாவும் ஒத்துப்போகின்றன. கவனமில்லையாம்!

கடிதம் முடிந்தது என்று எழுந்தேன். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான், ஒவ்வொரு படியாக.

அவன் அளவெடுக்கும் அறை நினைவுக்கு வந்தது. அங்கே ஏரி நீர் ஏறி நிற்கும் கண்ணாடிக் குழாய் இடுப்புக்குக் கீழே இருக்கிறது. அளவுப்பலகை அதற்குப் பின்னால், ஒரு விரல் தள்ளி. கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அளவு குறைவாகத்தான் தெரியும், எத்தனை முறை பார்த்தாலும்.

"எப்பலேருந்துண்ணே குனியறதில்லை?"

"ஒம்பது மாசம் இருக்கும். முட்டி மடங்கலைடா. ஆனா ரெண்டு தடவை பாக்கறேனே?"

4

கவனமின்மை, ஒரு காரணம். முழங்கால், அதுவும் ஒரே காரணம். எளிமை இங்கே கைவிரித்துவிடுகிறது. முதலாவதை ஒப்புக்கொண்டால் பத்தொன்பது வருடத்துப் பெயர் போகும். இரண்டாவதைச் சொன்னால் லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"எதை எழுதட்டும்?"

"ஏரி கசியுதுன்னு எழுதேன்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

5

நாளை கொடுத்தாக வேண்டும். கடிதத்தின் கடைசி வரியை நீங்களே எழுதுங்கள். முதலில் பென்சிலில். ஒரு நடை போய் வந்து பாருங்கள், அதே வரி சரியென்று பட்டால் பேனாவை எடுங்கள்.

நான் போகிறேன். அவன் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைக்க வேண்டும்.