குடைக்கடைப் பக்கத்தில் பதினான்கு கால்புள்ளிகள்

"ஆறு மணிக்கு உன் பக்கத்தைத் தூக்கிடுவேன்."

"நேத்துதானே ஒரு கால்புள்ளி போட்டேன்."

"பதினாலு மாசமா அதை மட்டும்தான் போடற. காலைல விதியை மாத்திட்டேன். கால்புள்ளி இனிமே கணக்கில வராது."

1

கதை பிறந்தது இந்தச் சாப்பாட்டு மேசையில்தான். ஒரு பக்கம் அக்கா, எதிர்ப்பக்கம் தம்பி, நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு மடிக்கணினிகள். (இதை எழுதுபவன் தம்பி. அக்காவின் மனதுக்குள் புகுந்து எழுதப்போகிறான். அனுமதி கேட்கவில்லை.)

ஊர்க்காரர்கள் சேர்ந்து இணையத்தில் எழுதும் விக்கியில் அரைகுறைப் பக்கங்களைக் கவனிப்பது அக்காவின் பொறுப்பு. முப்பது நாள் யாரும் கை வைக்காத பக்கத்தை நீக்கிவிடலாம். அறுநூறு பக்கங்களைக் கெஞ்சியும் மிரட்டியும் நீக்கியும் ஒன்றுக்குக் கொண்டுவந்திருந்தாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் கத்தரி.

மிச்சமிருந்த அந்த ஒன்று, தம்பி தொடங்கிய 'குடை ரிப்பேர் கடை'. முழுப் பக்கமும் இவ்வளவுதான்:

"இக்கடையில் ஒரு பச்சைக் குடை[சான்று தேவை] யாரும் வந்து எடுக்காமல் தொங்குகிறது,,,,,,,,,,,,,,"

(சான்று கேட்டவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பிறகு அவரே கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதினார்: "கரும்பச்சை.")

2

தொலைதூர நகரமொன்றின் பனிமூட்டத்தில் ஒரு பெண்—

(வேண்டாம். தம்பி மொழிபெயர்ப்பு நாவல்களில் குடியிருப்பவன். அக்கா குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பனியில் நின்றால் அவளுக்குத் தடுமன் பிடிக்கும்.)

மழை வலுத்தபோது அவள்—

(குடைக் கதையில் மழை வந்தால் வாசகர் முன்கூட்டியே நனைந்துவிடுவார்.)

நடந்ததையே சொல்லிவிடலாம். பதினான்கு மாதங்களுக்கு முன் அக்கா தன் பச்சைக் குடையைப் பழுதுபார்க்கக் கொடுத்தாள். குடைக்காரர் கம்பியை நிமிர்த்திக்கொண்டே, வானிலை கேட்பதுபோல, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன்."

குடையை எடுக்கப் போனால் பதில் சொல்லியாக வேண்டும். அன்றிலிருந்து வெயிலோ மழையோ, தலையில் கைப்பையைக் கவிழ்த்துக்கொண்டு சுற்றுவழியில் அலுவலகம் போனாள். ஊருக்கெல்லாம் முப்பது நாள் கெடு வைத்தவள்.

அவளுக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை.[சான்று தேவை]

(இந்தச் சான்றைக் கேட்டவர் வாத்தியார் இல்லை. தம்பி தண்ணீர் குடிக்க எழுந்தபோது அக்கா போட்டது.)

3

"வேற குடை வாங்கியிருக்கலாமே?"

"இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு?"

"அப்ப போய் எடுத்துட்டு வா."

"பக்கத்தைப் பத்திப் பேசுடா."

"நானும் அதைத்தான் பேசறேன்."

தம்பி கதைக்கு எழுதிவைத்திருந்த முடிவுகளை வாசித்துக் காட்டினான். முதல் முடிவில் அக்கா பக்கத்தை நீக்குகிறாள், கடையும் தெருவும் சேர்ந்து மறைகின்றன.

"தெரு எப்படிடா மறையும்? குழாய் இணைப்பெல்லாம் இருக்கு."

இரண்டாவது முடிவில் அவள் ஓடுகிறாள், செருப்பு அறுந்து, கூந்தல்—

"கதைல கூட நான்தான் ஓடணுமா? முட்டி வலிக்குது."

4

ஐந்தே முக்காலுக்குக் குடைக்கடைப் பக்கத்தின் உரையாடல் பகுதியில் ஒரு குறிப்பு வந்தது. அங்கே இதற்கு முன் எழுதாத ஆள்.

அக்கா ஒருமுறை படித்தாள். பிறகு பிழை தேடுபவளைப்போல் மறுபடியும் படித்தாள். 'நீக்கு' பொத்தான்மேல் அம்புக்குறி அப்படியே நின்றது. மேசைக்கடியில் அவள் கால் ஒரு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டது. இன்னொன்று தம்பியின் பக்கம் கிடந்தது. அவன் அதை மெதுவாகத் தள்ளிவிட்டான்.

(இதற்குமேல் தம்பிக்குத் தெரியாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதுதான் விக்கி, ஆகவே பக்கம் இப்போது உங்களுடையது. தயவுசெய்து கால்புள்ளி போட்டுவிட்டு நழுவாதீர்கள். குறிப்பைக் கீழே ஒட்டியிருக்கிறான்.)

"கத்தரி அவர்களுக்கு, வேற ஊர்ல கடை பார்த்திருக்கேன். இதை இன்னைக்குக் காலி பண்றேன். ஆறு மணி வரைக்கும் இருப்பேன். சாமானெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு, பச்சைக் குடையை மட்டும் இன்னும் ஆணியிலேருந்து எடுக்கலை. நீங்களே வந்து எடுத்துக்கிறீங்களா?"